ஒன்றரைக் கிலோ நீர்க்காகம்

நீர்க்காகம் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ மீன் தின்னும் என்று சொன்னவன் நான்தான். அந்தப் பறவையின் மொத்த நிறையே அரைக் கிலோதான். தன் உடம்பைப்போல் மூன்று மடங்கு தின்னக்கூடிய பிராணி எங்கள் பகுதியில் ஒன்றுதான் உண்டு. அது மீனவர் சங்கக் கூட்டத்தில் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்திலே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கும். பெயர் கோணாமலை, வயது ஐம்பத்திரண்டு. இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதுதான்.

நான் அப்படிச் சொன்னது போன வருடம் ஆடி மாதக் கூட்டத்தில். வாவியில் இறால் படாத வருடம் அது. நாள் முழுக்க வலை போட்டவன் ஒரு சின்னப் பேணி கொள்ளும் சுண்டு இறாலோடு கரைக்கு வந்தான். சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி அண்ணன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "இதுக்கு என்ன காரணம் எண்டு ஆராவது சொல்லுங்க" என்றார்.

நாற்பது பேரும் குனிந்து காலைப் பார்த்தார்கள். காரணம் நாற்பது பேருக்கும் தெரியும். தங்கூசி வலை. தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாத நரம்பு வலை. அரசாங்கம் தடை செய்த வலை. அதை ஓடை வாயில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மறித்துக் கட்டினால் நேற்றுப் பொரித்த குஞ்சுகூடத் தப்பாது. நாற்பது வீட்டில் முப்பத்தைந்து வீட்டில் அந்த வலை இருந்தது. தலைவர் வீட்டில் ஆறு. என் வீட்டில் இரண்டு.

கூட்டத்தில் பேச்சு நின்றுபோனால் எனக்கு நாக்கு ஊறும். எழும்பினேன்.

"தலைவர் அண்ணன், கள்ளன் வெள்ளைத்திட்டில இரிக்கான். நானூறு பேர். விடியக் காத்தால ஒன்றரைக் கிலோ மீன அடிச்சிப்போட்டு, சட்டையக் கழட்டிக் காயப்போட்டுக்கு நிக்கான். நானூறு பேருக்கு ஒன்றரைக் கிலோப்படி அறுநூறு கிலோ. மறுகா நமக்கு எங்கால மிஞ்சும்? தண்ணிதான்."

நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு நிற்பதைப்போல் கையை விரித்து, கழுத்தைச் சரித்து நின்றும் காட்டினேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். மூர்த்தி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. செயலாளர் பிரதீஸ். அவன் எழுதிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. கூட்டத்தில் யாராவது தும்மினாலும் நேரத்தோடு குறித்துவைப்பான்.

அடுத்த கூட்டத்தில் வழமைபோல மௌன அஞ்சலி, பிறகு சென்ற கூட்ட அறிக்கை. பிரதீஸ் எழுந்து நின்று வாசித்தான். "திரு. கோணாமலை அவர்கள் வெள்ளைத்திட்டில் வாழும் நீர்க்காகங்கள் நாளொன்றுக்கு அறுநூறு கிலோ மீனை உண்பதாக விபரங்களுடன் தெரிவித்தார்." எனக்குச் சிரிப்பு வந்தது. "அறிக்கையை ஆர் வழிமொழியிற?" என்று கேட்டார்கள். எங்கள் சங்கத்தில் வழிமொழிகிறவன் எப்போதும் நான்தான். அறிக்கை சீக்கிரம் முடிந்தால் பிளேன்டித் தேத்தண்ணி சீக்கிரம் வரும். கையைத் தூக்கினேன். என் பகிடியை நானே வழிமொழிந்தேன். எங்கள் சங்கத்தில் ஒன்றை முன்மொழிந்து வழிமொழிந்துவிட்டால் பிறகு அது சூரியன் கிழக்கில் உதிப்பதுபோலத்தான்.

கார்த்திகை மாதம் கம்பஸில் இருந்து ஆர்த்திகா என்று ஒரு பிள்ளை வந்தாள். நீர்க்காகத்தைப் பற்றி ஆய்வு செய்கிறாளாம், வெள்ளைத்திட்டுக்குப் போய்வர ஒரு தோணி வேண்டுமாம். ஆறு கிழமை அவளை ஏற்றி இறக்கினேன். வெள்ளைத்திட்டு என்பது வாவி நடுவில் பதினான்கு கண்டல் மரம் நிற்கிற ஒரு சேற்று மேடு. பறவை எச்சம் பட்டுப் பட்டு இலை, கொப்பு, வேர் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும், அதனால் அந்தப் பெயர். நாற்றம் காற்று அடிக்கிற பக்கத்தில் அரை மைலுக்கு வரும். முதல் நாள் நான் மூக்கைப் பொத்தினேன். அந்தப் பிள்ளை பொத்தவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கையை எடுத்துவிட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பது வருடமாக அந்தப் பறவைகளுக்குப் பக்கத்திலே கம்பை ஊன்றித் தோணி தாங்கிக்கொண்டு திரிந்தவன் நான். அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மற்ற நீர்ப்பறவைக்கு இறகில் தண்ணீர் ஒட்டாது. இதற்கு ஒட்டும். ஒட்டினால்தான் உடம்பு பாரமாகித் தாழலாம். காலால் உதைத்து உதைத்து மீனைத் துரத்திப் பிடித்து, மேலே வந்து, முள் குத்தாமல் தலைப்பக்கமாக விழுங்கும். பிறகு நனைந்த உடுப்போடு குளிரில் நிற்கிற கூலிக்காரன்போல் சிறகை விரித்துக் காயவைக்கும். அதைத்தான் நான் கூட்டத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். செரிக்காத முள்ளையும் செதிளையும் ஒரு சவ்வுக்குள் உருட்டி வாயால் துப்பும். ஆர்த்திகா அந்த உருண்டைகளை மரத்தடியில் பொறுக்கிப் பையில் போட்டு, கழுவிப் பிரிப்பாள். மீனின் தலைக்குள் கடுகளவு ஒரு கல் இருக்கிறது, அதைப் பார்த்தே இன்ன மீன், இன்ன அளவு என்று சொல்லிவிடுவாள்.

"அங்கிள், எல்லாம் திலாப்பியாக் குஞ்சும் சந்தையில வாங்காத பொடி மீனும்தான். இறால் ஓடு அங்க ஒண்ணு இங்க ஒண்ணு."

"ஒரு பறவ ஒரு நாளைக்கு எவ்வளவு புள்ள தின்னும்?"

"நூறு கிராம். கூடிப்போனா நூற்றைம்பது. ஏன் அங்கிள்?"

"சும்மா கேட்டன்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்த்துத் தோணியைத் தாங்கினேன்.

மார்கழிக் கூட்டத்தில்தான் தீர்மானம் வந்தது. வெள்ளைத்திட்டு மரங்களை வெட்டி நீர்க்காகங்களைக் கலைப்பது. ஆதாரமாகக் கோணாமலையின் அறுநூறு கிலோ. எழும்பினேன், அது பகிடி என்று சொல்லத்தான். நான் எழும்பியதுமே, வாய் திறக்க முன்னமே, பின்வரிசை சிரிக்கத் தொடங்கிவிட்டது. "இந்தா, இன்னொண்டு விடப்போறார்" என்று ஒருவன் சொன்னான். முன்வரிசையும் திரும்பிச் சிரித்தது. நாற்பது பல்வரிசைக்கு முன்னால் நான் நின்றேன். பிறகு இருந்துவிட்டேன்.

அன்றைக்கு இருந்துவிட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம்போல் இருக்கும்.

அனுமதி கேட்டு ஒரு காரியாலயத்துக்குக் கடிதம் போனது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்றுதான் பொருள் என்று மூர்த்தி அண்ணன் விளக்கினார். அவருக்குக் கல்யாணம் நடந்ததும் அப்படித்தான் என்று நான் பக்கத்தில் இருந்தவனின் காதில் சொன்னேன். அவன் சிரித்தான். பாருங்கள், இருநூறு கூட்டின் தலையெழுத்து எழுதப்படுகிற நேரத்தில்கூட இந்த வாய் சும்மா இருக்கவில்லை.

பொங்கல் முடிந்து அடுத்த கிழமை வெட்டுவதாக நாள் வைத்தார்கள். அப்போது கூடுகளில் குஞ்சு. அதே காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அலுவலர் வெளிவேலைக்குப் போயிருக்கிறாராம். ஆர்த்திகாவுக்கு எடுத்தேன். அவள் கொழும்பில் நின்றாள். "அங்கிள், குஞ்சு இருக்கிற நேரம் வெட்ட ஏலாது, அது சட்டப்படி…" என்று தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

குறித்த நாள் காலை ஏழு மணிக்கு, அவர்களுக்கு முன்னமே என் தோணியில் போய், திட்டின் நடுவில் நின்ற பெரிய மரத்தில் ஏறினேன். ஏறினேன் என்று எழுத இரண்டு வினாடி. ஏற அரை மணித்தியாலம். எச்சத்தில் கால் வழுக்கியது, வயிறு கொப்பில் இடித்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஒரு முள்ளில் மாட்டிக் கிழிந்தது. பெரிய பறவைகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வானத்தில் சுற்றின. குஞ்சுகள் கூட்டில் கழுத்தை நீட்டிக் கத்தின. ஆபத்து என்று கண்டால் நீர்க்காகக் குஞ்சு செய்யத் தெரிந்தது ஒன்றுதான், தின்றதைக் கக்கும். என் தலைக்கு மேலே மூன்று கூடு. மூன்றும் கக்கின.

எட்டு மணிக்கு இரண்டு இஞ்சின் தோணியில் பத்துப் பேர் வந்தார்கள். மூர்த்தி அண்ணன், அறிக்கைக் கொப்பியோடு பிரதீஸ், ஏறாவூரில் இருந்து கூலிக்கு வந்த மெஷின்வாள் பாஹிம், மற்றது எங்கள் ஆட்கள்.

"ஆரு மனே அது மரத்தில?" என்றார் மூர்த்தி அண்ணன்.

"பெரிய நீர்க்காகம் ஒண்டு அண்ணன்!" என்றான் தோணியில் நின்ற ஒருவன்.

"ஒன்றரைக் கிலோவா?"

"எண்பது கிலோ வரும்!"

தோணி ஆடும்படி சிரித்தார்கள். இரண்டு பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா!" என்று கத்தினேன். "குஞ்சு இரிக்கி. இருநூறு கூட்டிலயும் குஞ்சு இரிக்கி. போங்க வீட்ட!"

இன்னும் சிரித்தார்கள். தலையில் மீன் ஒழுக, கிழிந்த சாரத்தோடு கொப்பில் தொங்குகிற ஒருவன் கத்தினால் நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். என் தோளில் கிடந்த மீன் ஒன்றை எடுத்து அவர்கள் பக்கம் எறிந்தேன். மூர்த்தி அண்ணனின் காலடியில் விழுந்தது.

"பாருங்க அண்ணன், அது என்ன மீன்? இறாலா? திலாப்பியாக் குஞ்சு! நீங்க பூனைக்கும் போடமாட்டீங்க. ஒன்றரைக் கிலோ எண்டு நான் சொன்னது பொய். பகிடி. ஒரு பறவைக்கு நூறு கிராம். கம்பஸ் புள்ள நிறுத்துப் பாத்தது."

"அறிக்கையில இரிக்கே?" என்றான் பிரதீஸ். அவன் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். "நீங்கதான அண்ணன் வழிமொழிஞ்ச?"

"ஓம்டா, நான்தான்! பிளேன்டிக்கு அவசரத்தில வழிமொழிஞ்ச மடையன் நான்தான்!"

மறுபடி சிரிப்பு. மூர்த்தி அண்ணன் கையைக் காட்டி அடக்கினார். அவர் முகத்தில் பாசம்தான் தெரிந்தது, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "கோணாமல, போதும்டாப்பா. நல்லாச் சிரிச்சாச்சி. இறங்கி வா, பிட்டும் கறியும் கொண்டந்திரிக்கம்."

எனக்குள் என்னவோ அறுந்தது. ஐம்பத்திரண்டு வருடம் சிரிக்கவைத்த பாவத்துக்குத் தண்டனைபோல் இருந்தது.

"இறாலத் தின்னுறது ஆரு எண்டு நான் சொல்லட்டா? ஓடை வாயில கட்டியிரிக்கிற ஆறு தங்கூசி வலையும் ஆருர? உங்கட, மூர்த்தி அண்ணன்! பின்னால நிக்கிறவனே, படம் பிடிக்கிறவனே, உன்ட வீட்டுக் கூரை வளையில தொங்குறது என்ன? என்ட வீட்டில ரெண்டு கிடக்கு. போன மாசம் அதில ஏழு நீர்க்காகம் மாட்டிச் செத்துக் கிடந்திச்சி. கழட்டி வாவிக்குள்ள எறிஞ்சன், ஒருத்தருக்கும் சொல்லல்ல. நாமதான் தின்னுறம். குஞ்சோட, முட்டையோட, நாமதான்! இதுகள் சங்கத்தில அங்கத்தவரில்ல, கூட்டத்துக்கு வந்து மறுத்துக் கதைக்காது, அதுக்காக இதுகள்ர தலையில கட்டுறயா?"

சிரிப்பு நின்றது. ஒரே வீச்சில் நின்றது. போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

மூர்த்தி அண்ணனின் முகம் மாறியது. தடை செய்த வலையைப் பற்றி வீட்டுக்குள் பேசலாம், வேலியடியில் பேசலாம். பத்துப் பேருக்கு முன்னால், வேற்றூர்க்காரன் ஒருவன் கேட்க, பெயர் சொல்லிப் பேசக்கூடாது. அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பாஹிம், தொடங்கு."

"அண்ணே, ஆள் இரிக்கிற மரத்த நான் வெட்டமாட்டன்" என்றான் பாஹிம்.

"அந்த மரத்த விடு. மத்தது பதின்மூண்டும் இரிக்கில்லயா? அவர் ஆசதீர இரிக்கட்டும்."

அப்போதுதான் நான் செய்த மடைவேலை எனக்கு விளங்கியது. பதினான்கு மரத்தைக் காப்பாற்ற ஒரு மரத்தில் ஏறியவன் நான். இறங்கி ஓடிப்போய் மற்ற மரத்தைக் கட்டிப்பிடித்தால், இந்த மரம் போகும். ஏறியது அரை மணித்தியாலம், வாள் ஒரு மரத்தை அறுப்பது கால் மணித்தியாலம். நான் எங்கேயும் போக முடியாது.

முதல் மரம் சரியும்போது கண்ணை மூடினேன். சத்தத்தை மூட முடியவில்லை. கொப்பு முறிகிற சத்தம், பிறகு கூடுகள் தண்ணீரில் விழுகிற சத்தம், பிறகு குஞ்சுகளின் சத்தம். இரண்டாவதற்குத் திட்டினேன். ஐந்தாவதற்குக் கெட்ட வார்த்தையால் திட்டினேன். மூர்த்தி அண்ணனின் தாயை, தகப்பனை, கடைசியில் என் வாயை. ஏழாவது மரத்துக்கு என்னிடம் வார்த்தை முடிந்துவிட்டது. காகங்கள் எங்கிருந்துதான் வந்தனவோ, கூட்டமாக வந்து இறங்கின. இரண்டு பருந்து. நான் கொப்பை முறித்து முறித்து அவற்றுக்கு எறிந்தேன். ஒன்றுக்கும் படவில்லை.

பதின்மூன்றும் விழ மத்தியானம் ஆனது. பாஹிம் வாளை நிறுத்திவிட்டு என் மரத்தடிக்கு வந்து மேலே பார்த்தான். அவன் முழங்காலுக்குக் கீழே சேறு, சேற்றில் இறகு. "கோவிக்காதீங்கண்ணே" என்றான். "எனக்குச் சொல்லல்ல, குஞ்சு இரிக்கி எண்டு. மரம் எண்டுதான் கூப்பிட்டாங்க."

"வாளப் போட்டு நீ நிப்பாட்டியிருக்கலாம்டா தம்பி."

"ஓம்" என்றான். தோணிகள் போய்விட்டன. பிட்டையும் கறியையும் யாரும் தின்னவில்லை, பொட்டலத்தைப் பிரிக்காமலே கொண்டுபோனார்கள்.

இறங்கலாம் என்று காலை எடுத்தேன். அப்போது கீழே எதுவோ அசைந்தது. தண்ணீரில் விழுந்த குஞ்சுகளில் பெரிதானவை நீந்திக்கொண்டு வந்தன. முழுச் சிறகு வராத கறுத்த உருப்படிகள். என் மரத்தின் வேரில் சொண்டைக் கொளுவி, நகத்தை ஊன்றி, சிறகுக் குருத்தை உதைத்து, ஒரு சாண் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறின. நான் ஏறியதைவிட அழகாகத்தான் ஏறின. எண்ணினேன். இருபத்திமூன்று. இருநூறு கூட்டில் இருபத்திமூன்று. கொப்புக்குக் கொப்பு, என் முழங்காலுக்குப் பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால், நடுங்கிக்கொண்டு இருந்தன.

நாலு மணிபோலப் பெரிய பறவைகள் தொண்டையில் மீனோடு திரும்பின. திட்டைச் சுற்றின. பதின்மூன்று மரத்தைத் தேடிச் சுற்றின. பிறகு ஒன்று என் மரத்தின் நுனியில் இறங்கியது. அது இறங்கியதைப் பார்த்து இன்னொன்று. அதன் கண் மரகதம்போலப் பச்சை. இரண்டு முழத்துக்குள் நின்று என்னைப் பார்த்தது. நான் மூச்சை அடக்கினேன்.

அந்த நேரம் பார்த்துக் கேதீஸ்வரி வந்தாள். என் பெண்சாதி. பக்கத்து வீட்டுத் தோணியைத் தானே தாங்கிக்கொண்டு வந்து வேரடியில் நிறுத்தினாள். வெட்டுப்பட்டுக் கிடந்த மரங்களைப் பார்த்தாள்.

"இறங்குங்க. போவம்."

"இப்ப ஏலா" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"என்ன ஏலா? காலம் முழுக்க மரத்திலயா இரிக்கப்போற?"

"நான் அசைஞ்சா குஞ்சு பயந்து கக்கிரும் புள்ள. காலையில இரிந்து கக்கினதுதான். இப்பதான் தாய் தீனி கொண்டந்திரிக்கி."

அவள் மேலே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தோணி தாங்குகிற கொல்லிக்கம்பைச் சேற்றில் குத்தித் தோணியை அதில் கட்டினாள்.

"ஊர் முழுக்க உங்கட கததான்" என்றாள் மெதுவாக. "மூர்த்தி அண்ணன் நம்மட வாசல்ல வந்து நிண்டு சத்தம் போட்டார். வலையப் பத்திக் கதைக்கிறவன் முதல்ல தன்ட வலைய எரிக்கட்டாம்."

"நீ என்ன சொன்ன?"

"எரிச்சிட்டன்."

என் கால் தன்னையறியாமல் ஆடியது. பக்கத்துக் குஞ்சு கழுத்தை இழுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். அவர் பாக்கப் பாக்க, வாசல்ல போட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி. மறுகா அவர்ர ஆறும் எப்ப எண்டு கேட்டன். முகத்தத் திருப்பிக்குப் போயிற்றார். நீங்க கத்திப்போட்டு மரத்தில ஏறி இரிந்திட்டா, ஊருக்குள்ள நான்தான நிக்கணும்?"

"நாளைக்கு என்னத்தால பிடிக்கிற?"

"கையால. நான் கையால தடவி இறால் பிடிக்கிறல்லயா? நீங்களும் வாங்க. குனிஞ்சா அந்த வயிறும் கொஞ்சம் குறையும்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு நான் பத்து மறுமொழி வைத்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கத்தவேண்டும்போல்தான் இருந்தது. திட்டைப் பார்த்து, ஊரைப் பார்த்து, அந்தக் காகங்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தவேண்டும். ஒன்றுக்கு வேறு முடுக்கியது.

என் முழங்காலடியில் இருந்த குஞ்சு, யாருடைய குஞ்சோ தெரியாது, வாயைப் பிளந்து தலையை ஆட்டியது. பெரிய பறவை ஒருமுறை என்னைப் பார்த்தது. பிறகு கொப்பால் நடந்து வந்து குனிந்தது. குஞ்சு தன் தலையைக் கழுத்துவரை அதன் தொண்டைக்குள் விட்டது. இரண்டும் ஒரே உடம்புபோல் குலுங்கின.

"இன்னும் எத்தின பேர் சாப்பிட இரிக்கி?" என்று கேதீஸ்வரி கீழே இருந்து கேட்டாள்.

பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஒரு பதினெட்டு."

"சரி" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோணியின் குறுக்குப் பலகையில் இருந்துகொண்டாள்.